வேடம் இல்லாமல் பேசாதவர்: ரோனி பார்க்கரின் வாழ்வும் கலையும்

1968ஆம் ஆண்டு லண்டன் வீக்எண்ட் தொலைக்காட்சியில் ‘ஃப்ராஸ்ட் ஆன் சண்டே’ என்ற நகைச்சுவை நிகழ்ச்சி தொடங்கியது. அதற்கு ஜெரால்ட் வைலி என்ற பெயரில் குறுநாடகப் பிரதிகள் வரலாயின. பெயர் புதிது, ஆளை யாரும் பார்த்ததில்லை. நிகழ்ச்சியில் நடித்துவந்த ரோனி பார்க்கரின் முகவர் பீட்டர் ஈட் வழியாகத்தான் பிரதிகள் வந்தன. எழுத்து நன்றாக இருந்ததால் நடித்து ஒளிபரப்பினார்கள், மக்கள் சிரித்தார்கள். உடன் நடித்த ரோனி கார்பெட் ஒரு பிரதியின் உரிமையை வாங்கவே விரும்பினார். முகவர் பெருந்தொகை கேட்கவும் பின்வாங்கினார். பிறகு வைலி அதை அவருக்கு அன்பளிப்பாகவே கொடுத்துவிட்டார். ஒத்திகைகளில் வைலியின் வரிகளைக் குறை சொன்னவர்களில் பார்க்கரும் ஒருவர். எழுதியவர் நாடகாசிரியர் டாம் ஸ்டாப்பர்டாக இருக்கலாம் என்றுகூட ஊகம் கிளம்பியது. கடைசியில் படப்பிடிப்புத் தளத்துக்கு எதிரே இருந்த சீன உணவகத்தில் எல்லோரையும் விருந்துக்கு அழைத்தார் வைலி. விருந்தினர்கள் வந்து அமர்ந்து, வாசலைப் பார்த்துக் காத்திருந்தபோது ரோனி பார்க்கர் எழுந்து நின்று, நான்தான் வைலி என்றார். உடனே நம்பியவர்கள் குறைவு.

இச்சம்பவத்தை ஒரு குறும்பாக எண்ணிக் கடந்துவிடுபவர்கள் உண்டு. பார்க்கரின் கலைவாழ்க்கையைத் தொடர்ந்து பார்த்தால், அவருடைய கலைக்கொள்கை முழுவதும் இதில் அடங்கியிருப்பது தெரியும். தான் எழுதியது என்பதற்காக ஒரு வரி ஏற்கப்படக் கூடாது. அந்த வரிக்குத் தானாகச் சிரிப்பை வரவழைக்கும் வலு இருக்க வேண்டும். நடிப்பிலும் அவர் இப்படித்தான் இருந்தார். ரோனி பார்க்கர் என்ற மனிதரை மேடையிலோ திரையிலோ காட்டிக்கொள்ள அவருக்கு விருப்பமில்லை, துணிவும் இல்லை. பேட்டிகளைத் தவிர்த்தார். ஒரு பாத்திரத்தின் தோலுக்குள் புகுந்துகொண்டால் மட்டுமே அவருக்குப் பேச்சு வந்தது. இந்தக் கூச்சத்தைக் குறையாக விட்டுவிடாமல் கைத்தொழிலாக வளர்த்தெடுத்ததே அவர் சாதனை. அதற்கு அவருக்கு வாய்த்த பயிற்சிக்கூடங்களும் காரணம்.

வங்கி, மருத்துவமனை, நாடகக் குழு

ரொனால்ட் வில்லியம் ஜார்ஜ் பார்க்கர் 1929 செப்டம்பர் 25ஆம் தேதி பெட்ஃபோர்டில் பிறந்தார். தந்தை ஷெல் மெக்ஸ் எண்ணெய் நிறுவனத்தில் எழுத்தர். குடும்பம் ஆக்ஸ்ஃபோர்டுக்குக் குடிபெயர்ந்தது. ஆக்ஸ்ஃபோர்டு என்றதும் பல்கலைக்கழகம் நினைவுக்கு வரும். பார்க்கருக்கும் அதற்கும் தொடர்பில்லை. நகரத்தின் ஆண்கள் பள்ளியில் படித்தார். பிறகு கட்டடக்கலை படிக்கப் போய், தனக்கு அந்த அளவுக்குத் திறமை இல்லை என்று தானே முடிவுசெய்து வெளியேறினார். வெஸ்ட்மின்ஸ்டர் வங்கியில் அக்காள் வேரா பார்த்துவந்த எழுத்தர் வேலை அவருக்குக் கிடைத்தது. பகலில் வங்கிக் கணக்கு, மாலையில் அமெச்சூர் நாடகம்.

1948இல் ஐல்ஸ்பரி நகரில் இயங்கிவந்த மான்செஸ்டர் ரெப்பர்ட்டரி கம்பெனியில் சேர்ந்தார். முதல் நாடகம் ஜே. எம். பாரியின் ‘குவாலிட்டி ஸ்ட்ரீட்’. மூன்றாவது நாடகமான ‘மிராண்டா’வில் கார் ஓட்டுநர் வேடம். அதில்தான் அவையோரின் முதல் சிரிப்பு அவருக்குக் கிடைத்தது. ஹாம்லெட்டும் இரண்டாம் ரிச்சர்டும் வேறு யாருக்காவது போகட்டும், மக்களைச் சிரிக்கவைப்பதே தன் வேலை என்று அன்றே தீர்மானித்ததாகப் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

அந்தக் காலத்துப் பிரிட்டிஷ் சிறுநகர நாடகக் குழுக்களின் நடைமுறையை இங்கே தெரிந்துகொள்ள வேண்டும். பல குழுக்கள் வாரத்துக்கு ஒரு நாடகம் போட்டன. இரவில் இந்த வார நாடகத்தை நடித்துக்கொண்டே பகலில் அடுத்த வார நாடகத்தை மனப்பாடம் செய்ய வேண்டும். இருபது வயது நடிகர் ஒரு வாரம் எழுபது வயது பாதிரியார், அடுத்த வாரம் காவலர், அதற்கடுத்த வாரம் கொலைகாரர். ஆழமாக ஆராய்ந்து நடிக்க நேரமிருக்காது. நடை, குரல், ஒட்டுமீசை, தொப்பி என்று கிடைப்பதைப் பிடித்துக்கொண்டு நான்கைந்து நாட்களில் ஒரு மனிதரை உருவாக்கியாக வேண்டும். சம்பளம் சொற்பம், வேலை கடுமை. ஆனால் சில ஆண்டுகளில் நூற்றுக்கணக்கான வேடங்கள் உடம்பில் ஏறிவிடும். பார்க்கரின் தலைமுறைக்குப் பிறகு, தொலைக்காட்சி வீடுவீடாக நுழைந்ததும் இக்குழுக்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. அவரைப் போன்ற நடிகர்கள் பின்னர் அரிதானதற்கு இது முக்கியக் காரணம் என்று நான் கருதுகிறேன்.

இடையில் வேலையில்லாத காலமும் வந்தது. அப்போது ஆக்ஸ்ஃபோர்டின் விங்ஃபீல்ட் மருத்துவமனையில் நோயாளிகளைத் தள்ளுவண்டியில் கொண்டுசெல்லும் ஊழியராக இருந்தார். போலியோவால் பாதிக்கப்பட்டவர்களின் நிலை அவரால் தாங்க முடியாததாக இருந்தது. அதற்கு அவர் கண்ட வழி விசித்திரமானது: சார்லி என்றொரு பாத்திரத்தைக் கற்பித்துக்கொண்டு, மருத்துவமனைக்குள் இருக்கும் நேரமெல்லாம் சார்லியாகவே நடமாடினார். ரோனியால் தாங்க முடியாததைச் சார்லி தாங்கினான். வேடம் அவருக்குக் கவசமானது மேடைக்கு வெளியே, பார்வையாளர்களே இல்லாத இடத்தில் என்பது கவனிக்க வேண்டிய செய்தி.

பிராம்ஹால் நகரக் குழுவில் கிளென் மெல்வின் என்ற மூத்த நகைச்சுவை நடிகர் கிடைத்தார். பார்க்கர் அவரைக் குருவாகவே மதித்தார். மேடையில் மெல்வின் கையாண்ட திக்குவாய்ப் பேச்சு, கால் நூற்றாண்டு கழித்துப் பார்க்கரின் புகழ்பெற்ற ஒரு பாத்திரத்தில் மறுபிறவி எடுக்கவிருந்தது. 1951இல் ஆக்ஸ்ஃபோர்டு பிளேஹவுஸில் சேர்ந்தார். அங்கு அறிமுகமான இளம் இயக்குநர் பீட்டர் ஹால், 1955இல் யூஜின் ஓ’நீலின் ‘மோர்னிங் பிகம்ஸ் எலெக்ட்ரா’ மூலம் அவரை லண்டன் மேடைக்கு அழைத்துவந்தார்.

குரலும் வர்க்கமும்

மேடை உடம்பைப் பழக்கியதென்றால், வானொலி குரலைப் பழக்கியது. 1959இல் பிபிசி தொடங்கிய ‘தி நேவி லார்க்’ தொடரில் பருத்த கடற்படை மாலுமி முதற்கொண்டு பல பாத்திரங்களுக்குக் குரல் கொடுத்தார். கேட்பவருக்கு முகம் தெரியாது. ஒப்பனையோ உடையோ உதவாது. ஒரு சொல்லின் அழுத்தம், இடைவெளி, மூச்சு ஆகியவற்றாலேயே வேறு வேறு மனிதர்களைக் காட்ட வேண்டும். பார்க்கரின் வசனங்களை இன்று கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் எந்த ஒலியும் வீணாகாததைக் காணலாம்.

1966இல் டேவிட் ஃப்ராஸ்ட் நடத்திய ‘தி ஃப்ராஸ்ட் ரிப்போர்ட்’ அவரை நாடறிந்தவராக்கியது. மார்ட்டி ஃபெல்ட்மனும் ஜான் லாவும் எழுதிய வர்க்கம் பற்றிய குறுநாடகம் அதில்தான் வந்தது. நெட்டையான ஜான் கிளீஸ் மேல்தட்டு, நடுத்தர உயரமுள்ள பார்க்கர் நடுத்தட்டு, ஐந்தடியைச் சற்றே தாண்டிய கார்பெட் உழைக்கும் தட்டு. மூவரும் வரிசையாக நின்று, யாரை மேலே பார்க்கிறோம், யாரைக் கீழே பார்க்கிறோம் என்று சொல்கிறார்கள். உயரத்தையே சமூகப் படிநிலையாக்கிய அந்தச் சில நிமிடங்கள் பிரிட்டிஷ் சமூகத்தைப் பற்றிய பேச்சில் இன்றும் உதாரணமாக எடுத்துக்காட்டப்படுகின்றன. இதில் பார்க்கரின் இடம் கடினமானது. மேலே பார்க்கும்போது பணிவு, கீழே திரும்பும்போது இளக்காரம். இரண்டும் ஒரே முகத்தில் ஒரு நொடியில் மாற வேண்டும். அவர் அதைக் கண்ணிமைகளாலேயே செய்துகாட்டினார்.

திரைக்குப் பின்னாலும் இந்த வர்க்கக் கோடு இருந்தது. அந்நிகழ்ச்சியின் எழுத்தாளர்களிலும் நடிகர்களிலும் பலர் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பட்டதாரிகள். பல்கலைக்கழகம் பார்க்காத பார்க்கரும் கார்பெட்டும் இயல்பாகவே ஒருவரோடொருவர் ஒட்டிக்கொண்டார்கள். ஹேமார்க்கெட் பகுதியில் நடிகர்கள் கூடும் பக்ஸ்டோன் கிளப்பில் கார்பெட் மது பரிமாறிக்கொண்டிருந்த காலத்திலேயே அவர்களுக்குப் பழக்கம் உண்டு. பிரதி எழுதும்போது தன் பெயரை மறைக்க வேண்டும் என்று பார்க்கருக்குத் தோன்றியதில் இந்தச் சூழலுக்கும் பங்கு இருந்திருக்கும் என்பது என் ஊகம். படித்தவர்கள் எழுதும் மேசையில் வங்கி எழுத்தராக இருந்தவரின் எழுத்து எடுபடுமா என்பதை, சலுகையோ ஏளனமோ கலக்காமல் அறிய அவருக்கு வேறு வழி ஏது?

இரண்டு ரோனிகள்

1970இல் லண்டன் பலேடியத்தில் நடந்த விருது விழாவில் தொழில்நுட்பக் கோளாறால் நிகழ்ச்சி தடைப்பட்டது. மேடையிலிருந்த பார்க்கரும் கார்பெட்டும் பல நிமிடங்களுக்கு அவையைச் சிரிக்கவைத்துச் சமாளித்தார்கள். அரங்கிலிருந்த பிபிசியின் கேளிக்கைப் பிரிவுத் தலைவர் பில் காட்டன் அவர்களைத் தம் நிறுவனத்துக்கு அழைத்தார். 1971இல் தொடங்கிய ‘தி டூ ரோனிஸ்’ 1987 கிறிஸ்துமஸ் வரை நீடித்தது.

இவர்கள் வழக்கமான இரட்டையர் அல்லர். ஒருவர் அடிக்க மற்றவர் வாங்கும் உறவு இங்கே இல்லை. தனித்தனி நடிகர்கள் இருவர், செய்தி வாசிப்பவர்களைப் போல மேசையில் அமர்ந்து தொடங்கி, நாடகங்களில் வேடமிட்டு, மறுபடி மேசைக்கு வந்து விடைபெறுவார்கள். கார்பெட் பெரிய நாற்காலியில் அமர்ந்து கார்பெட்டாகவே பேசும் தனியுரை ஒவ்வொரு வாரமும் உண்டு. பார்க்கரின் தனியுரையில் அவர் எப்போதும் வேறொருவர்: ஏதோவொரு சங்கத்தின் தலைவர், ஓர் அமைச்சகத்தின் செய்தித் தொடர்பாளர். சொற்களைப் பிழையாக உச்சரிக்கும் நோயுள்ளவர்களின் சங்கத் தலைவராக அவர் ஆற்றிய உரையில், ஒவ்வொரு பிழையும் வேறொரு பொருளைத் தருமாறு பின்னப்பட்டிருக்கிறது. எழுதியவரும் அவரே.

அவருடைய எழுத்தில் மிகவும் அறியப்பட்டது 1976 செப்டம்பர் 4 அன்று ஒளிபரப்பான இரும்புக்கடைக் காட்சி. வாடிக்கையாளர் கேட்பது மண்கிளறும் முட்கருவிக்கான கைப்பிடி. கடைக்காரர் காதில் விழுவது நான்கு மெழுகுவர்த்திகள். ஆங்கிலத்தில் ‘ஃபோர்க் ஹேண்டில்ஸ்’, ‘ஃபோர் கேண்டில்ஸ்’: ஒலி ஒன்று, பொருள் இரண்டு. அடுத்தடுத்து கேட்கும் ஒவ்வொரு பொருளிலும் இதே குழப்பம் வெவ்வேறு வகையில் வளர்கிறது. கடைக்காரர் ஏணியில் ஏறி இறங்குகிறார், அலமாரிக்கும் மேசைக்கும் நடக்கிறார், பொறுமை இழக்கிறார். ஹேய்ஸ் பகுதியின் கடைக்காரர்கள் சிலர் தங்கள் கடையில் உண்மையாகவே நடந்ததை எழுதி அனுப்ப, அதிலிருந்து பார்க்கர் கட்டியெழுப்பியது இது. அவர் கைப்பட எழுதிய பிரதி 2007இல் 48,500 பவுண்டுக்கு ஏலம் போனது. முடிவு சரியாக அமையவில்லை என்ற குறை பார்க்கருக்கு மட்டும் கடைசிவரை இருந்தது.

இந்நிகழ்ச்சியின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கடற்கரை அஞ்சலட்டைகளில் வரும் இரட்டை அர்த்தக் கேலியின் மீது பார்க்கருக்குப் பெரும் ஈடுபாடு. அத்தகைய பழைய அட்டைகளைச் சேகரித்தவர் அவர். பெண்களை உடம்பாக மட்டுமே காட்டும் துணுக்குகள் அதன் விளைவு. 1982இல் இளைய தலைமுறையின் ‘நாட் தி நைன் ஓ’கிளாக் நியூஸ்’ குழு இந்தப் பழக்கத்தை இரக்கமில்லாமல் நையாண்டி செய்தது. பார்க்கர் புண்பட்டார். அந்த விமர்சனத்தில் நியாயம் இருந்தது. சொல்லாட்சியில் அத்தனை நுட்பம் காட்டியவர், பெண் பாத்திரங்களை எழுதுகையில் தன் காலத்தின் சோம்பலான வழக்கத்தைத் தாண்டவில்லை.

ஸ்லேட் சிறையின் ஃப்ளெட்சர்

பார்க்கரின் உச்சம் எது என்று கேட்டால் நான் தயங்காமல் ‘போரிட்ஜ்’ என்பேன். 1973இல் பிபிசி அவருக்கு ‘செவன் ஆஃப் ஒன்’ என்ற தலைப்பில் ஏழு தனிக் கதைகளில் நடிக்க வாய்ப்பளித்தது. எது மக்களைப் பிடிக்கிறதோ அதைத் தொடராக வளர்ப்பது திட்டம். ஏழில் இரண்டு, பிரிட்டிஷ் தொலைக்காட்சியின் நிலைத்த தொடர்களாயின. டிக் கிளமெண்டும் இயன் லா ஃப்ரெனேயும் எழுதிய சிறைக் கதை ஒன்று; அதுவே ‘போரிட்ஜ்’ ஆனது. ராய் கிளார்க் எழுதிய மளிகைக்கடைக் கதை மற்றொன்று.

சிறையில் என்ன நகைச்சுவை? எழுத்தாளர்களுக்கே அந்தச் சங்கடம் இருந்தது. லண்டனின் பிரிக்ஸ்டன், வாண்ட்ஸ்வொர்த், வோர்ம்வுட் ஸ்க்ரப்ஸ் சிறைகளைப் பார்வையிட்டு மனம் சோர்ந்து திரும்பினார்கள். சிறையிலிருந்து வெளிவந்த ஒருவரோடு பேசியபோதுதான் திறப்பு கிடைத்தது. கைதிக்குப் பெரிய வெற்றி கிடையாது. அன்றாடம் சின்னச் சின்ன வெற்றிகள்தாம் அவனை உயிரோடு வைத்திருக்கும் என்றார் அவர். ஒரு பழ டின்னைத் திருடுவது, ஓர் அதிகாரியை ஒரு சொல்லால் மடக்குவது. ஸ்லேட் என்ற கற்பனைச் சிறையின் கைதியாகப் பார்க்கர் நடித்த நார்மன் ஸ்டான்லி ஃப்ளெட்சர் இந்தத் தத்துவத்திலிருந்து பிறந்தவன். நம்மூரில் களி தின்பது என்று சொல்வதைப் போல, சிறைவாசத்தைக் கஞ்சியால் குறிக்கும் ஆங்கிலக் கொச்சை வழக்குதான் தொடரின் தலைப்பு.

1974 முதல் 1977 வரை மூன்று பருவங்களும் இரண்டு கிறிஸ்துமஸ் சிறப்பு நாடகங்களும் வந்தன. உண்மையான சிறைக்குள் படமெடுக்க அனுமதி கிடைக்காததால், ஈலிங் படப்பிடிப்பு நிலையத்தின் தண்ணீர்த் தொட்டிக்குள் பல அடுக்குச் சிறைக்கூடம் கட்டப்பட்டது. தொடக்கத்தில் ஃப்ளெட்சருக்குத் தண்டனை விதிக்கும் நீதிபதியின் குரலும் பார்க்கருடையதுதான். சிறை அதிகாரி மக்காயாக ஃபுல்டன் மக்காய், இளகிய மனம் கொண்ட காவலர் பரோக்ளோவாக பிரையன் வைல்ட், முதன்முறை சிறைக்கு வந்த இளைஞன் காட்பராக ரிச்சர்ட் பெக்கின்சேல். காட்பர் வேடத்துக்குப் பார்க்கர் வேறொரு நடிகரை விரும்பினார். தயாரிப்பாளர் சிட்னி லாட்டர்பி பெக்கின்சேலைத் தேர்ந்தார். லாட்டர்பியின் கணிப்பே சரியாக அமைந்தது.

முதல் பருவத்தில் ‘எ நைட் இன்’ என்றொரு நாடகம். அரை மணி நேரம் முழுவதும் ஓர் அறை, இரண்டு மனிதர்கள், ஓர் இரவு. கதவு பூட்டப்பட்டுவிட்டது, விளக்கு அணைந்துவிட்டது. காட்பருக்கு இந்த இரவுகள்தாம் தாங்க முடியவில்லை. ஃப்ளெட்சர் மேல்படுக்கை கீழ்ப்படுக்கைப் பேச்சாக அவனுக்கு ஒரு வழி சொல்கிறான்: நம்மை அடைத்துவைத்திருக்கிறார்கள் என்று எண்ணாதே, இன்றிரவு வெளியே போக வேண்டாம், வீட்டிலேயே இருப்போம் என்று நாமே முடிவெடுத்ததாக எண்ணிக்கொள். துரத்தலும் இல்லை, தடுக்கி விழுதலும் இல்லை. மூத்த கைதியின் கடுகடுப்புக்கு அடியில் தகப்பனின் கரிசனம் இருப்பதைப் பார்க்கர் ஒரே ஒரு முறைகூட வெளிப்படையாகக் காட்டுவதில்லை. எரிச்சலான குரலிலேயே பேசுகிறார். அந்த எரிச்சல் சற்றுத் தாமதமாக வரும் இடங்களில் நமக்கு அன்பு புரிகிறது. இந்த அடக்கத்தைக் கற்பிக்கும் பள்ளி எதுவும் கிடையாது. ஆயிரம் மாலைகள் மேடையில் நின்றவருக்கே அது கைவரும்.

ஃப்ளெட்சர் நல்லவனா என்றால், இல்லை. பழைய திருடன், சுயநலக்காரன், வாய்ச்சொல் வீரன். பார்க்கர் அவனை வெள்ளையடித்துக் காட்டவில்லை. மருத்துவமனையில் சார்லியை உருவாக்கிய இளைஞனுக்கு, தாங்க முடியாத இடத்தில் மனிதர் எப்படித் தாக்குப்பிடிக்கிறார் என்பது தெரிந்திருந்தது. சிரிப்பு ஃப்ளெட்சருக்கு ஆயுதம்; அதைப் பிடுங்கிவிட்டால் அவனிடம் எண்ணிடப்பட்ட சட்டை மட்டுமே மிஞ்சும். இந்தப் புரிதல் இருந்ததால்தான் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்டோர் அவனைத் தங்களில் ஒருவனாகப் பார்த்தார்கள். தொடரின் திரைப்பட வடிவம் முடிந்த சிறிது காலத்திலேயே, 1979 மார்ச்சில் ரிச்சர்ட் பெக்கின்சேல் மாரடைப்பால் இறந்தார். அவருக்கு வயது 31.

திக்கும் கடைக்காரர்

ராய் கிளார்க்கின் மளிகைக்கடைக் கதையிலிருந்து வளர்ந்த ‘ஓபன் ஆல் அவர்ஸ்’ தொடரில் பார்க்கர் நடித்த ஆர்க்ரைட் வடஇங்கிலாந்துக் கடைக்காரர். கஞ்சர், தந்திரக்காரர், எதிர்வீட்டுச் செவிலி கிளாடிஸ் மீது தீராத ஆசை கொண்டவர். சகோதரி மகன் கிரான்வில்லை வேலையில் போட்டு வாட்டுபவர். கிரான்வில்லாக நடித்த டேவிட் ஜேசன், பார்க்கரைத் தன் தலைவர் என்றே கடைசிவரை அழைத்தார். ‘போரிட்ஜ்’ தொடரில் கிழக் கைதி பிளாங்கோவும் இந்த ஜேசன்தான். முதல் பருவம் 1976இல் பிபிசியின் இரண்டாம் அலைவரிசையில் அதிகம் கவனிக்கப்படாமல் போனது. 1981இல் முதல் அலைவரிசையில் திரும்பி வந்தபோது வீடுதோறும் அறியப்பட்டது.

ஆர்க்ரைட்டின் திக்குவாய் பார்க்கர் சேர்த்தது; கிளென் மெல்வினின் சொத்து. அதை அவர் கால அளவுக்கான கருவியாகப் பயன்படுத்தினார். சொல் தொக்கி நிற்கும் நேரத்தில் பார்ப்பவர் மனம் முன்னால் ஓடி ஒரு சொல்லை ஊகிக்கும். ஆர்க்ரைட் சொல்லி முடிப்பது வேறொன்றாக இருக்கும். கலைநோக்கில் இது நுட்பமே. ஆயினும் திக்குவாயோடு வாழ்பவர்களுக்கு, பள்ளியிலும் தெருவிலும் கேலிக்கான இன்னொரு சாக்காக அது அமைந்திருக்கும் என்பதையும் மறைக்கக் கூடாது. உடற்குறையைச் சிரிப்பாக்கும் பழைய நாடக மரபு பார்க்கரோடு சேர்ந்தே தொலைக்காட்சிக்கு வந்தது. அந்த மரபின் திறனைப் போற்றும்போது அதன் விலையையும் எடுத்துச்சொல்வதே நேர்மை.

விலகல்

1988இல் பார்க்கர் ஓய்வுபெற்றார். வயது 58. உடல்நலக் கவலை இருந்தது. புதிய யோசனைகள் வற்றிவருவதாகவும் உணர்ந்தார். கார்பெட்டுக்கு முன்கூட்டியே சொல்லியிருந்தார். வெளியில் யாருக்கும் தெரியாது. பிரியாவிடை நிகழ்ச்சி, அறிவிப்பு எதுவும் வைக்கவில்லை. அவருடைய கடைசித் தொடரான ‘கிளாரன்ஸ்’ கிட்டப்பார்வையுள்ள ஒரு சாமான் ஏற்றியிறக்கும் தொழிலாளியின் கதை. எழுதியவர் பெயர் பாப் ஃபெரிஸ் என்று இருந்தது. அதுவும் பார்க்கர்தான். புகழின் உச்சியிலும் எழுத்துக்குத் தன் பெயரைத் துணையாக வைக்க அவர் விரும்பவில்லை.

பிறகு மனைவி ஜாயுடன் சேர்ந்து சிப்பிங் நார்ட்டன் ஊரில் பழம்பொருள் கடை நடத்தினார். திரும்பி வரச்சொல்லி அழைப்புகள் தொடர்ந்தன, பெரும்பாலும் மறுத்தார். 2002இல் ‘தி கேதரிங் ஸ்டார்ம்’ படத்தில், ஆல்பர்ட் ஃபின்னி நடித்த சர்ச்சிலுக்குப் பணியாளர் இன்ச்சஸாக வந்தார். அடுத்த ஆண்டு ‘மை ஹவுஸ் இன் அம்ப்ரியா’வில் மேகி ஸ்மித்துடன் நடித்தார். ஆக்ஸ்ஃபோர்டு பிளேஹவுஸ் காலத்தில் அறிமுகமானவர்கள் இருவரும். இன்ச்சஸ் வேடத்தில் சிரிக்கவைக்கும் முயற்சியே இல்லை. எஜமானின் கோபத்தை முகத்தில் எதுவும் காட்டாமல் ஏற்று, அறையைவிட்டு வெளியேறும் விதத்திலேயே பதில் சொல்லிவிடும் மனிதர் அவர். நகைச்சுவை நடிகர் என்ற அடைமொழியில் உள்ள முதல் சொல்லை நீக்கிவிட்டாலும் பார்க்கரின் மதிப்பு குறையாது என்பதற்கு அந்தச் சில காட்சிகளே போதும்.

2005 அக்டோபர் 3ஆம் தேதி, 76ஆம் வயதில் ஆடர்பரியில் இறந்தார். அடுத்த ஆண்டு வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் நடந்த நினைவு வழிபாட்டில், வழக்கமான இரண்டு மெழுகுவர்த்திகளுக்குப் பதிலாக நான்கு ஏந்திவரப்பட்டன. அவர் தொழில்முறை நடிகராக முதலில் மேடையேறிய ஐல்ஸ்பரியில் இன்று ஃப்ளெட்சர் கோலத்தில் அவருடைய வெண்கலச் சிலை இருக்கிறது.

பார்க்கரைப் போன்ற இன்னொருவர் ஏன் உருவாகவில்லை என்ற கேள்வி பிரிட்டனில் அடிக்கடி எழுகிறது. பிறவித் திறமையை மட்டும் காரணமாகச் சொன்னால் பாதி உண்மைதான் கிடைக்கும். வாரம் ஒரு வேடம் கட்டிய நாடகக் குழு, முகம் காட்டாமல் நடிக்கக் கற்றுத்தந்த வானொலி, ஏழு கதைகளில் பல தொடராகாவிட்டாலும் பரவாயில்லை என்று பணம் செலவிட்ட பொதுத்துறைத் தொலைக்காட்சி, தனி எழுத்தாளர்களின் வரிகளை மதித்த தயாரிப்பாளர்கள் ஆகிய நான்கும் சேர்ந்து ஒரு கூச்சமுள்ள வங்கி எழுத்தரைக் கலைஞராக்கின. இன்று நகைச்சுவையாளர் பெரும்பாலும் தன் பெயரோடும் தன் கதையோடும் தன் ஆளுமையோடும் மேடைக்கு வருகிறார். அதில் வேறொரு உண்மை இருக்கிறது. அதற்கும் இடம் உண்டு. ஆனால் தன்னை முழுவதும் விலக்கிவிட்டுப் பிறராக மாறி, பிறரின் வலியையும் அற்பத்தனத்தையும் சிரிப்பாக்கித் தரும் கலைக்கு நீண்ட பயிற்சியும் அதற்குப் பொறுமை காட்டும் நிறுவனங்களும் வேண்டும். அவற்றைக் கைவிட்ட எந்தச் சமூகமும், பார்க்கர் போன்ற ஒருவர் மறுபடி எப்போது வருவார் என்று கேட்பதில் பொருளில்லை.